இரண்டு தங்கமீன்களும் ஒரு நைட்ரஜன் சுழற்சியும்

பத்தாம் வகுப்பு முடியும் நேரத்தில் எங்கள் வகுப்பில் ஸ்லாம் புக் சுற்றிக்கொண்டிருந்தது. 2020 மார்ச், பள்ளிகளை மூடச் சொல்வதற்குச் சில நாட்கள் முன்பு. எல்லார் புத்தகத்திலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான்: பிடித்த இணையதளம், பிடித்த படம், கிடைத்ததிலேயே பெரிய பரிசு, செல்லப்பிராணி, பிடித்த பாடம். நானும் எல்லார் புத்தகத்திலும் ஒரே பதில்களைத்தான் எழுதினேன். விக்கிபீடியா. ஃபைண்டிங் நீமோ. பிறந்தநாளுக்குக் கிடைத்த தங்கமீன்கள். செல்லப்பிராணி என்ற இடத்திலும் அதே மீன்கள், பக்கத்தில் ‘இப்போது இல்லை’. பிடித்த பாடம், அறிவியல்.

ஒரே ஒருத்தியின் புத்தகம் மட்டும் என்னிடம் வரவில்லை. அந்த மீன்களை எனக்குப் பரிசாகக் கொடுத்தவளுடையது. அவள் ஏன் நீட்டவில்லை என்று எனக்குத் தெரியும். கேட்டு வாங்கி எழுத எனக்குத் துணிவும் இல்லை. நான் எழுதிய அந்த ஐந்து பதில்களும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன என்பது மட்டும் அன்றைக்குப் புரியவில்லை. புரிய மேலும் சில மாதங்கள் ஆயின. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நானும் அவளும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். எங்கள் வீடு பெரம்பூர்ப் பக்கம், அவள் வீடு கொளத்தூர். சென்னையில் மீன் வளர்ப்பவர்களிடம் கொளத்தூர் என்றால் வேறு விளக்கம் தேவையில்லை. வண்ண மீன் கடைகள் வரிசையாக இருக்கும் ஊர். வீட்டுப் பின்புறத்திலும் மாடியிலும் சிமென்ட் தொட்டி கட்டி மீன் குஞ்சு பொரிக்க வைத்து விற்கும் குடும்பங்கள் அங்கே ஏராளம். அவள் தினமும் அந்தக் கடைகளைக் கடந்துதான் பள்ளிக்கு வருவாள். எந்தக் கடையில் புதிதாக என்ன மீன் வந்திருக்கிறது என்று வகுப்பில் என் காதருகே சொல்வாள். நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

2018-ல், ஒன்பதாம் வகுப்பில், என் பிறந்தநாளுக்கு இரண்டு தங்கமீன்களை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஆக்சிஜன் நிரப்பி ரப்பர் பேண்டால் இறுக்கிய பிளாஸ்டிக் கவரில் மீன்கள். இன்னொரு பையில் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம், நீலமும் சிவப்புமாகக் கூழாங்கற்கள், ஒரு பிளாஸ்டிக் செடி, சின்ன டப்பாவில் தீனி. பஸ் காசை மிச்சம் பிடித்துச் சேர்த்த பணம். அதை அவள் சொல்லவில்லை, அவள் தம்பிதான் பிறகு சொன்னான். கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு, “ஃபில்டர் ஒண்ணும் வாங்கணும்னு கடைக்காரர் சொன்னாரு. என்கிட்ட காசு பத்தல. உங்கப்பாகிட்ட கேட்டுப் பாருடி” என்றாள். பரிசில் ஒரு குறை வந்துவிட்டதே என்று அவள் வருத்தப்படுவதாக நான் எடுத்துக்கொண்டேன். “அதெல்லாம் வேணாம்டி, இதுவே சூப்பரா இருக்கு” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்குச் சமாதானம் சொன்னதில் எனக்கு மகிழ்ச்சி. அப்பாவிடம் கேட்கவே இல்லை.

நீமோ படத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. மாமா தன் பழைய லேப்டாப்பை எங்களிடம் கொடுத்தபோது அதில் இருந்த ஒரே படம் அது. 2003-ல் பிக்ஸார் எடுத்தது. ஆஸ்திரேலியக் கடலில் பிடிபட்ட ஒரு கோமாளி மீன் குஞ்சு சிட்னியில் ஒரு பல் மருத்துவரின் தொட்டிக்கு வந்து சேர்கிறது. அதைத் தேடி அப்பா மீன் கடலைக் கடந்து வருகிறது. மருத்துவர் அந்தக் குஞ்சைத் தன் அக்காள் மகளுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்கப் போகிறார். போன வருடமும் அந்தச் சிறுமிக்கு ஒரு மீனைத்தான் கொடுத்தார்கள். அவள் அந்தக் கவரைக் குலுக்கிக் குலுக்கியே மீனைக் கொன்றுவிட்டாள். தொட்டிக்குள் இருக்கும் மீன்களுக்கு அவள் பெயரைக் கேட்டாலே நடுக்கம். எனக்கும் அவளைக் கண்டால் ஆகாது. கையில் இருப்பது ஒரு உயிர் என்பதுகூடத் தெரியாத பெண் என்று ஒவ்வொரு முறையும் கோபம் வரும். என் மீன்களுக்கு அப்படி ஒருத்தி கிடைக்கவில்லை, நான் கிடைத்திருக்கிறேன் என்று உண்மையாகவே நினைத்திருக்கிறேன்.

அந்த அளவுக்குப் பார்த்துக்கொண்டேன். காலையில் எழுந்ததும் தீனி, பள்ளிவிட்டு வந்ததும் தீனி, படுக்கும் முன் தீனி. கிண்ணத்தருகே போனால் இரண்டும் மேலே வந்து நீர்ப்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடும். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு கேட்கின்றன என்று உருகிப்போய் இன்னும் நாலு மணி போடுவேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கிண்ணத்தை முழுக்கக் காலிசெய்வேன். மீன்களை ஒரு சொம்பில் விட்டுவிட்டு, கிண்ணத்தையும் கூழாங்கற்களையும் பிளாஸ்டிக் செடியையும் பாத்திரம் தேய்க்கும் பொடி போட்டுத் தேய்ப்பேன். கல்லில் வழுவழுப்பாக ஒரு படலம் ஏறியிருக்கும். அது போகும்வரை விரலால் ஒவ்வொரு கல்லையும் உரசுவேன். பிறகு குழாயைத் திறந்து தண்ணீர் பிடித்து மீன்களைத் திரும்ப விடுவேன். கண்ணாடி பளபளவென்று இருக்கும். அம்மா பார்த்துவிட்டு, “உன் அலமாரிய இப்படி ஒரு நாளாவது வச்சிருக்கியா?” என்பார். அதில் எனக்குப் பெருமைதான்.

முதல் மீன் சில வாரங்களில் செத்துப்போனது. துடுப்பின் ஓரத்தில் மெல்லிய சிவப்புக் கோடுகள் ஓடியிருந்தன. மாடித் தொட்டிச் செடிக்கு அடியில் புதைத்தேன். இன்னொன்று கூடக் கொஞ்ச நாள் இருந்தது. அதுவும் ஒரு காலையில் பக்கவாட்டில் மிதந்தது. நான் அன்று பள்ளிக்கு அழுத கண்ணோடு போனேன்.

தோழி பெஞ்சில் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்து, “என்னடி ஆச்சு?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலைத்தான் இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். “நீ வாங்கிக் குடுத்தது வியாதி மீன். விலை கம்மின்னு வாங்கினியா?” என்றேன். முன் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஏதோ சொல்ல வந்தாள், தண்ணீர் என்றோ கடைக்காரர் என்றோ ஒரு வார்த்தை. நான் கேட்கத் தயாராக இல்லை. “நான் எவ்வளவு சுத்தமா வச்சிருந்தேன் தெரியுமா? என் மேல தப்பே கிடையாது” என்று சத்தமாகச் சொன்னேன். அவள் முகம் சிறுத்துப்போனது. அதற்குமேல் பேசவில்லை. அடுத்த நாளும் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். ஆனால் மீன் கடைச் செய்தி எதுவும் சொல்லவில்லை. அரையாண்டுத் தேர்வு முடிந்து வந்தபோது வேறு பெஞ்சுக்கு மாறியிருந்தாள்.

நான் அப்பாவிடம் அடம்பிடித்து வேறு கடையில், வேறு மீன் வாங்கினேன். அதே கிண்ணம், அதே கற்கள், அதே ஞாயிற்றுக்கிழமைச் சுத்தம். அவையும் போயின. அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கொளத்தூர் மீன்கள் எல்லாமே இப்படித்தான் என்று முடிவுகட்டிவிட்டுக் கிண்ணத்தைக் கழுவிப் பரணில் ஏற்றினேன்.

இதெல்லாம் நடந்த அதே பருவத்தில்தான் அந்தச் சார்ட்டை வரைந்தேன். ஒன்பதாம் வகுப்புக்கு அந்த ஆண்டுதான் புதிய பாடப்புத்தகம் வந்திருந்தது. அறிவியலில் நீர்ச் சுழற்சி, நைட்ரஜன் சுழற்சி, கார்பன் சுழற்சி. ஆளுக்கு ஒன்றாகச் செயல்திட்டம். எனக்கு நைட்ரஜன். தாத்தாவின் போனில் விக்கிபீடியாவைத் திறந்து, அங்கிருந்த படத்தைப் பார்த்துத் தரையில் சார்ட்டை விரித்து வரைந்தேன். மேலே மேகம், மின்னல், ‘காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்’. இடது பக்கம் ஒரு மாடு. வலது பக்கம் வேர்முடிச்சுகளோடு ஒரு அவரைச் செடி, முடிச்சுகளுக்குள் ரைசோபியம். கீழே மண்ணில் அம்பு அம்பாக: விலங்குக் கழிவிலிருந்தும் மட்கும் உடல்களிலிருந்தும் அம்மோனியா, அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுவது நைட்ரோசோமோனாஸ், நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுவது நைட்ரோபாக்டர், நைட்ரேட்டைச் செடி எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு அம்புக்கும் ஒரு நிறம். நான் வரைந்துகொண்டிருந்தபோது மீன் கிண்ணம் தலைக்கு மேல் மேசையில்தான் இருந்தது. இரண்டாவது மீன் அப்போது உயிரோடு இருந்தது.

சார்ட்டுக்கு நல்ல மதிப்பெண். ஆசிரியை அதை வகுப்புச் சுவரில் ஒட்டச் சொன்னார். ஆண்டு முடியும்வரை அது அங்கேயே இருந்தது. நானும் தோழியும் சண்டை போட்ட பெஞ்சுக்கு நேர் எதிரே.

2020-ல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது சித்தி பையன் எங்கள் வீட்டில் இருந்தான். அவன் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அவனுக்குப் போனில் வகுப்பு, எனக்கும் போனில் வகுப்பு. மாலையில் அவனுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கும் வேலை என் தலையில். அவனுக்குப் படிப்பை இழுத்தடிக்கத் தெரிந்த ஒரே வழி, கேள்வி கேட்பது. நைட்ரஜன் சுழற்சிக்கு வந்தோம். எனக்கு மனப்பாடம். புத்தகத்தைப் பார்க்காமலே படம் போட்டேன். மாட்டுக்கு அருகே பேனா நின்றபோது அவன் கேட்டான்.

“மாடு ஒண்ணுக்குப் போனா மண்ணுல போயிடும். மீன் போனா எங்கக்கா போகும்?”

“தண்ணியில.”

“தண்ணியில யாரு அத மாத்துவா?”

“அதே பாக்டீரியாதான். தண்ணியிலயும் இருக்கும்.”

“எங்க இருக்கும்?”

“எங்க வேணா ஒட்டிக்கிட்டு இருக்கும்டா. மண்ணுல, பாறையில, கல்லுல...”

கல்லுல என்று சொன்னபோது என் விரல் நுனியில் அந்த வழுவழுப்பு வந்தது. நான் நிறுத்திவிட்டேன். அவன் நான் அடுத்ததைச் சொல்வேன் என்று பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தான். எனக்கு அடுத்தது வரவில்லை. நோட்டில் நானே போட்ட அம்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கழிவு, அம்மோனியா. அங்கிருந்து ஒரு அம்பு, அதன் மேல் ஒரு பெயர். அந்தப் பெயரைத்தான் நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் பொடி போட்டுத் தேய்த்திருக்கிறேன். அம்பை எடுத்துவிட்டால் அம்மோனியா அங்கேயே நிற்கும். அது நிற்கும் இடத்தில்தான் என் மீன்கள் இருந்தன. நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நான் இன்னும் தீனி போட்டேன்.

“அக்கா, சொல்லு” என்றான்.

“நாளைக்குப் படிக்கலாம்” என்றேன். அவன் சந்தோஷமாக எழுந்து ஓடினான்.

அன்று இரவு அதே விக்கிபீடியாவைத்தான் மறுபடி திறந்தேன். மீன் வளர்ப்பு பற்றிய ஆங்கிலப் பக்கத்தில் நைட்ரஜன் சுழற்சிக்கென்று தனியாக ஒரு பகுதியே இருக்கிறது. மாட்டுக்குப் பதில் மீன், மண்ணுக்குப் பதில் தொட்டி, மற்றபடி அம்புகள் அவையேதான். நான் படம் பார்த்து வரைந்த பக்கத்திலிருந்து அது அதிக தூரத்தில் இல்லை. அன்றைக்கு எனக்குத் தேவைப்பட்டது சார்ட்டுக்கு ஒரு படம். படம் கிடைத்ததும் மூடிவிட்டேன்.

விடிய விடியப் படித்தேன். மீன் தன் நைட்ரஜன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாகவே அம்மோனியாவாக வெளியேற்றும். மூச்சு விடுவதே கழிவை விடுவதும்தான். தண்ணீரில் அது இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று அவ்வளவு கெடுதல் செய்யாது, இன்னொன்று நஞ்சு. வெப்பமும் காரத்தன்மையும் கூடக் கூட நஞ்சின் பங்கு கூடும். சென்னை வீட்டு மேசையில் இருக்கும் தண்ணீர் எவ்வளவு சூடு என்று சொல்ல வேண்டியதில்லை. சூடான நீரில் ஆக்சிஜனும் குறைவாகத்தான் கரையும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவுக்குக் கரைவது 30 டிகிரியில் ஏழரைக்கு இறங்கிவிடுகிறது. சாப்பிடாமல் மிஞ்சிய தீனி அழுகி அதுவும் அம்மோனியாவாகும். துடுப்பில் ஓடும் சிவப்புக் கோடுகள், மேலே வந்து காற்றுக்குத் திணறுவது, இரண்டும் அம்மோனியா ஏறியதற்கான அடையாளங்கள். குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்லக் கலக்கும் குளோரின் மீனின் செவுளையும் எரிக்கும், மிஞ்சியிருக்கும் நல்ல பாக்டீரியாவையும் கொல்லும். நான் அன்பு என்று நினைத்துச் செய்த ஒவ்வொன்றும் அந்தப் பட்டியலில் இருந்தது.

தங்கமீன் சரியாக வளர்த்தால் பத்துப் பதினைந்து வருடம் இருக்கும் மீன் என்பதும் அன்றுதான் தெரிந்தது. இங்கிலாந்தில் 1956-ல் ஒரு திருவிழாக் கடையில் பரிசாகக் கிடைத்த தங்கமீன் ஒன்று 43 வருடம் வாழ்ந்து 1999-ல் இறந்திருக்கிறது. கின்னஸ் பதிவில் இருக்கிறது. எனக்கு வந்ததைப் போலவே பரிசாக வந்த மீன். இத்தாலியின் மோன்சா நகரமும், பிறகு 2005-ல் ரோம் நகரமும் உருண்டைக் கிண்ணத்தில் தங்கமீன் வளர்ப்பதையே தடைசெய்திருக்கின்றன. 2008-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பதினைந்து வயது மாணவன் ஒருவன், தங்கமீனுக்கு நினைவே தங்காது என்று எல்லாரும் சொல்கிறார்களே, உண்மையா என்று பள்ளிச் செயல்திட்டமாகவே சோதித்தான். தீனி போடும் நேரத்தில் தண்ணீருக்குள் ஒரு சிவப்பு அடையாளத்தை வைத்துப் பழக்கினான். பிறகு அதை எடுத்துவிட்டுச் சில நாள் கழித்துத் திரும்ப வைத்தபோது மீன்கள் நேரே அங்கே வந்தன. சார்ட் வரைந்தபோது இருந்த என்னைவிட ஒரு வயது பெரியவன். அவனுடையதும் பள்ளி வேலைதான், மதிப்பெண்ணுக்குத்தான் செய்திருப்பான். ஆனால் அவன் மீனைப் பார்த்துச் செய்தான். அதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இல்லை, வலித்தது.

என்னை அதிகம் பாதித்தது ஒரு பழைய பரிசோதனை. 1877-ல் பாரிஸில் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இரண்டு வேதியியலாளர்கள், மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய நீளமான குழாயில் சாக்கடை நீரை மெல்ல மெல்ல வடிய விட்டார்கள். முதல் இருபது நாள் எதுவும் நடக்கவில்லை. உள்ளே போன அம்மோனியா அப்படியே வெளியே வந்தது. அதன் பிறகு நைட்ரேட் வர ஆரம்பித்தது. குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் நின்றுவிட்டது. தோட்ட மண்ணைக் கழுவிய நீரைக் கொஞ்சம் ஊற்றியதும் சில நாட்களில் மறுபடி தொடங்கியது. அதைச் செய்வது வெறும் வேதிவினை இல்லை, உயிர் என்று அதன் மூலம் நிறுவினார்கள். அந்த உயிர்களைத் தனியாகப் பிரித்து வளர்க்க வினோகிராட்ஸ்கி வரவேண்டியிருந்தது, அது 1890 வாக்கில். அந்தக் குழாய்தான் ஃபில்டர். என் தோழி காசு பத்தாமல் வாங்க முடியாமல் போன ஃபில்டரும் இதைத்தான் செய்யும்: பாக்டீரியா ஒட்டிக்கொள்ள இடம் கொடுத்து, தண்ணீரை அதன் வழியே அனுப்பும். புதுத் தொட்டியில் அது பழகப் பல வாரம் ஆகும் என்று மீன் வளர்ப்பவர்கள் சொல்கிறார்கள். பாரிஸ்காரர்களும் இருபது நாள் காத்திருந்தார்கள். நான் ஏழு நாளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கவைத்தேன்.

படம் நினைவுக்கு வந்தது. நீமோவில் அந்தத் தொட்டி மீன்கள் தப்பிக்கப் போடும் திட்டம் என்ன? ஃபில்டரில் ஒரு கூழாங்கல்லைச் செருகி அதை நிறுத்துவது. ஃபில்டர் நின்றால் தொட்டி கெட்டுப்போகும், கெட்டுப்போனால் மருத்துவர் தங்களை வெளியே எடுத்தே ஆகவேண்டும் என்பதுதான் அவற்றின் கணக்கு. அந்தக் குஞ்சு மீன் உயிரைப் பணயம் வைத்து அந்தக் கல்லைச் செருகும் காட்சியில் நான் ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். ஃபில்டர் இல்லாமல் மீன் இருக்க முடியாது என்று படம் வாய்விட்டுச் சொல்கிறது. நான் அந்தச் சிறுமியை வெறுத்துக்கொண்டிருந்தேன். அவள் கவரைக் குலுக்கினாள், நான் கல்லைத் தேய்த்தேன். அவளுக்கும் அந்த மீனின் மேல் ஆசைதான் இருந்திருக்கும் என்று முதல் முறையாகத் தோன்றியது.

பாடம் சொன்னது, படம் சொன்னது, இணையம் சொன்னது. எல்லாவற்றுக்கும் முன்னால், மீனைக் கையில் கொடுக்கும்போதே அவள் சொன்னாள். அவளைத்தான் எல்லார் முன்னாலும் வியாதி மீன் வாங்கி வந்தவள் என்றேன்.

நான் இப்போது கல்லூரியில் நுண்ணுயிரியல் படிக்கிறேன். பிளஸ் டூ முடித்ததும் என்ன எடுக்கலாம் என்று வீட்டில் பேச்சு வந்தபோது வேறெதுவும் யோசிக்கத் தோன்றவில்லை. ஈ. கோலை சாதகமான சூழலில் இருபது நிமிடத்தில் இரண்டாகப் பெருகும். நைட்ரோசோமோனாஸுக்குப் பல மணி நேரம் வேண்டும், சில நேரம் ஒரு நாளும் போதாது. அவ்வளவு நிதானமான உயிர். சார்ட்டில் நான் பெரிய எழுத்தில் எழுதிய நைட்ரோபாக்டரும் மீன்தொட்டிகளைப் பொறுத்தவரை அவ்வளவு சரியில்லை, அங்கே அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1990-களின் இறுதியில்தான் கண்டறிந்திருக்கிறார்கள். இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு முன்னால் எப்போதும் ஒரு உருண்டைக் கிண்ணம் இருக்கும். நல்லதுதான் என்று நினைக்கிறேன். அது இல்லாமல் நான் இதை மறுபடியும் சார்ட்டாகத்தான் படித்திருப்பேன்.

சித்தி பையனுக்குச் சென்ற ஆண்டு மீன் வளர்க்கும் ஆசை வந்தது. நீளமான தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஏர் பம்ப் எல்லாம் வாங்கினோம். மீன் வாங்கவில்லை. வெறும் தண்ணீரில் தினம் ஒரு சிட்டிகை தீனியைப் போட்டு அழுகவிட்டு, வாரக்கணக்கில் பரிசோதனைச் சொட்டுகளை விட்டு நிறம் பார்த்தோம். அவன் தினமும் மீன் எப்போது என்று கேட்டான். முதலில் அம்மோனியா ஏறியது, பிறகு அது இறங்கி நைட்ரைட் ஏறியது, கடைசியில் இரண்டும் இல்லாமல் நைட்ரேட் மட்டும் நின்றது. அதன் பிறகுதான் கொளத்தூர் போனோம். இப்போது வாரத்துக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்றுகிறான், குளோரினைப் போக்கும் மருந்து கலந்து. ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்துவிட்டுத் திரும்ப வைக்கிறான். கல்லின் மேல் படலம் இருக்கிறது. அதை யாரும் தொடுவதில்லை.

தோழியின் குடும்பம் பொதுமுடக்கத்தின்போது சொந்த ஊருக்குப் போனது, திரும்பி வரவில்லை. எண் மாறியிருந்தது. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி கல்லூரியில் சேர்ந்த பிறகு ஆரம்பித்த வாட்ஸ்அப் குழுவில் அவள் எண்ணைப் பார்த்தேன். பார்த்த அன்றே எழுதவில்லை. எழுதி எழுதி அழித்தேன். ‘எப்படி இருக்கே’ என்று தொடங்குவதா, நேரே விஷயத்துக்குப் போவதா என்று பல நாள் ஓடியது. அவளுக்கு அது மறந்தே போயிருக்குமோ, மறந்ததைக் கிளறி என் பாரத்தை இறக்கிக்கொள்வது நியாயமா என்றும் யோசித்தேன். ஆனால் முன் பெஞ்சு வரைக்கும் கேட்கும்படி சொன்ன ஒரு பொய்யை நானே எடுக்காவிட்டால் வேறு யார் எடுப்பார்கள்?

கடைசியில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். அது வியாதி மீன் இல்லை, நான்தான் கொன்றேன், எப்படிக் கொன்றேன் என்று. அம்மோனியா, கல், பாத்திரப் பொடி எல்லாவற்றையும் எழுதினேன். வகுப்பில் அப்படிச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

மறுநாள் மாலைதான் பதில் வந்தது. “சாரி எல்லாம் வேணாம்” என்று முதல் வரி. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று: “நீ அப்படிச் சொன்ன அன்னைக்கு ஸ்கூல் விட்டு நேரா அந்தக் கடைக்குப் போனேன். தண்ணி முழுசா மாத்தக் கூடாதாம்னு அவர் சொன்னாரு. உன்கிட்ட வந்து சொல்லணும்னு நினைச்சேன். நீ என் முகத்தையே பாக்கல.”

நான் அதைப் பலமுறை படித்தேன். என் மூன்றாவது மீனையும் நான்காவது மீனையும் காப்பாற்றியிருக்கக்கூடிய வார்த்தை அவளிடம் இருந்திருக்கிறது, ஒரு பெஞ்ச் தள்ளி. “இப்ப சொல்லிட்டே, நான் கேட்டுக்கிட்டேன்” என்று எழுதினேன். அவள் பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

பிறகு எப்போதாவது பேசிக்கொள்கிறோம். அவள் திருநெல்வேலியில் பி.காம். முடித்துவிட்டு ஒரு கணக்காளரிடம் வேலை பார்க்கிறாள். பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்புகிறோம். அவள் தம்பி கல்லூரியில் சேர்ந்துவிட்டான் என்று சொன்னாள். மீனைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. சித்தி பையன் தொட்டியைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பலாமா என்று ஒருமுறை தோன்றியது. இன்னும் அனுப்பவில்லை.